அவுட்லுக்கில் புது மெயில் எந்தக் கணக்கிலிருந்து போக வேண்டும் என்பதை மேக்ரோவால் முடிவு செய்ய முடியுமா?

நூல்கண்டு

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் அவுட்லுக்கில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. பையர்களோடு பேசுவதற்கு மெர்ச்சண்டைசிங் முகவரி, பில், பேமெண்ட் விஷயங்களுக்கு அக்கவுண்ட்ஸ் முகவரி, அப்புறம் என் பெயரில் ஒன்று.

அக்கவுண்ட்ஸ் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'நியூ ஈமெயில்' அழுத்தினால், ஃப்ரம் கட்டத்தில் அக்கவுண்ட்ஸ் முகவரியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பையருக்கு அப்படியே போய்விடுகிறது, அவர் பதிலும் அங்கேயே வருகிறது. மெர்ச்சண்டைசிங் ஆட்கள் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு சாம்பிள் அப்ரூவல் இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்து கட்டிங்கே தள்ளிப்போனது.

கணக்குக்கு ஒரு பட்டன் இருந்தால் போதும். அழுத்தினால் அந்தக் கணக்கிலிருந்து புது மெயில் திறக்க வேண்டும். மேக்ரோவில் (அவுட்லுக்குக்குள் நாமே எழுதிக்கொள்கிற சின்ன நிரல்) முடியுமா? மைக்ரோசாஃப்ட் 365, பழைய தோற்றமுள்ள கிளாசிக் அவுட்லுக்தான் வைத்திருக்கிறோம்.

மேசைவிளக்கு

மேக்ரோ எதற்குங்க? ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய்க் கீழே இறங்குங்கள். 'புது மெயில் எழுதும்போது எப்போதும் இயல்புக் கணக்கையே பயன்படுத்து' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, மெர்ச்சண்டைசிங் முகவரியை இயல்புக் கணக்காக்கி விடுங்கள். வேலை முடிந்தது.

நூல்கண்டு

அதைப் போட்டுப் பார்த்தாச்சு. அப்போது அக்கவுண்ட்ஸிலிருந்து போக வேண்டியதும் மெர்ச்சண்டைசிங் பேரில் போகிறது. பாதிப் பிரச்சினை தீர்ந்து மீதிப் பாதி புதிதாக வருகிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

வரிக்குவரி

முடியும், கஷ்டமும் இல்லை. முதலில் ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தக் கணக்கின் ஃபோல்டரில் நிற்கிறீர்களோ, அந்தக் கணக்கையே அவுட்லுக் புது மெயிலுக்கு எடுத்துக்கொள்கிறது. பதில் மெயில் என்றால், எந்தக் கணக்குக்கு வந்ததோ அதிலிருந்தே போகும். பதிலுக்கு இது நியாயமான ஏற்பாடு. புது மெயிலுக்குத்தான் இடிக்கிறது. நீங்கள் எதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கும் அடுத்து யாருக்கு எழுதப்போகிறீர்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

மேக்ரோவில் இதற்கென்றே ஒரு பண்பு உண்டு, பெயர் 'செண்ட் யூசிங் அக்கவுண்ட்'. அவுட்லுக் 2007-இல் வந்தது. ப்ரொஃபைலில் (உங்கள் கணக்குகள் சேர்ந்திருக்கும் அமைப்பு) உள்ள எல்லாக் கணக்குகளையும் கொடுக்கிற 'அக்கவுண்ட்ஸ்' தொகுப்பும் அதே பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு டூல்பார் பட்டனைக் கோடிலிருந்தே (நிரல் வரிகளிலிருந்தே) அழுத்த வைப்பது போன்ற சுற்றுவழிகளில்தான் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். இணையத்தில் அந்தக் காலத்துக் கோடு இன்னும் கிடக்கிறது, அதை எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

கைபேசியில் தட்டுகிறேன், அதனால் மேக்ரோவின் நடையை மட்டும் தமிழில் தருகிறேன்:

1. அக்கவுண்ட்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு கணக்காகப் பார்.
2. அதன் 'எஸ்எம்டிபி அட்ரஸ்' நான் தேடும் முகவரியா என்று ஒப்பிடு.
3. ஆமெனில் 'கிரியேட் ஐட்டம்' மூலம் புது மெயில் உருவாக்கு.
4. 'செட்' போட்டு, மெயிலின் செண்ட் யூசிங் அக்கவுண்ட்டுக்கு அந்தக் கணக்கைக் கொடு.
5. 'டிஸ்ப்ளே' செய்.

ஆல்ட் எஃப்11 அழுத்தினால் எடிட்டர் திறக்கும். இன்செர்ட் மெனுவில் ஒரு மாட்யூல் (கோடு எழுதும் பக்கம்) சேர்த்து அதில் எழுதுங்கள். பெயர்களை எடிட்டரில் இடைவெளி விடாமல் ஒட்டி எழுத வேண்டும். எழுத்துக்கூட்டல் சந்தேகம் வந்தால் எஃப்2 அழுத்துங்கள், ஆப்ஜெக்ட் பிரவுசரில் எல்லாம் இருக்கும்.

ஈரோட்டுக்காரன்

இவ்வளவு சுற்ற வேண்டுமா? அக்கவுண்ட்ஸ் தொகுப்பில் இரண்டாவது ஐட்டம் என்று நேரடியாக எண்ணைக் கொடுத்தால் ஒரே வரி. என் மெஷினில் அப்படித்தான் ஓடுகிறது.

வரிக்குவரி

உங்கள் மெஷினில் ஓடும். நாளைக்கு ஒரு கணக்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால், அல்லது புது ப்ரொஃபைல் போட்டால், 2 வேறொன்றாகிவிடும். எர்ரர் எதுவும் வராது, மெயில் தவறான முகவரியிலிருந்து அமைதியாகப் போய்ச் சேரும். நூல்கண்டு ஓட நினைப்பதே அந்தத் தொல்லையிலிருந்துதான். முகவரியைச் சொல்லித் தேடுவது நாலு வரி கூடுதல், ஆனால் இடம் மாறினாலும் சரியான கணக்கைத்தான் பிடிக்கும்.

இன்னொன்று. லூப் (ஒவ்வொரு கணக்காகப் பார்க்கிற சுற்று) முடிந்தும் முகவரி கிடைக்கவில்லை என்றால் மேக்ரோ அங்கேயே நின்று, 'இந்தக் கணக்கு இல்லை' என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் காட்ட வேண்டும். மெயிலைத் திறக்கவே கூடாது. பல பேர் எழுதுகிற மேக்ரோக்களில் கணக்கு கிடைக்காவிட்டாலும் மெயில் திறந்துவிடும், இயல்புக் கணக்கோடு. அனுப்புகிறவர் பட்டனை அழுத்திவிட்டோமே என்ற நம்பிக்கையில் ஃப்ரம் கட்டத்தைப் பார்க்கவே மாட்டார். அது மேக்ரோ இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

ஒப்பிடும்போது இரண்டு பக்கத்தையும் 'எல்கேஸ்' போட்டுச் சின்ன எழுத்தாக்கிவிடுங்கள். கணக்கைச் சேர்த்தவர் முதல் எழுத்தைப் பெரிதாக அடித்திருந்தால் பொருந்தாமல் போகும்.

நூல்கண்டு

அண்ணா, நீங்கள் சொன்னபடி எழுதினேன். ஆனால் மெயில் திறப்பதற்கு முன்பே நாலாவது படியில் எர்ரர் அடிக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டால் பழைய முகவரிதான் வருகிறது.

தாமிரபரணி

அந்த வரியின் முன்னால் 'செட்' இருக்கிறதா பாருங்கள். டூ, சப்ஜெக்ட் இவையெல்லாம் வெறும் எழுத்து, சமக்குறி மட்டும் போதும். கணக்கு என்பது ஒரு ஆப்ஜெக்ட், பல விவரங்கள் சேர்ந்த ஒரு பொருள். செட் இல்லாமல் ஏறாது. முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுதி அதற்குச் சமம் என்று கொடுத்தாலும் நடக்காது, கணக்கு ஆப்ஜெக்ட்டையே கொடுக்க வேண்டும்.

நூல்கண்டு

செட் இல்லைதான். போட்டதும் ஓடிவிட்டது, ரொம்ப நன்றி! ஆனால் மெயிலின் உள்ளே சிக்னேச்சர் காணவில்லை. நான் 'பாடி'யில் 'டியர் சார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதுதான் காரணமா?

தாமிரபரணி

அதேதான். பாடிக்கு நேரடியாக எதையாவது கொடுத்தால், முன்பு உள்ளே இருந்தது எல்லாம் அழிந்துவிடும், சிக்னேச்சர் உட்பட. வரிசை முக்கியம்:

முதலில் கணக்கைக் கொடுங்கள். அடுத்து டிஸ்ப்ளே. அந்த நேரத்தில்தான் அவுட்லுக் அந்தக் கணக்குக்கு உரிய சிக்னேச்சரைக் கொண்டுவந்து வைக்கும். கடைசியாக உங்கள் வரியை 'எச்டிஎம்எல் பாடி'யின் முன்னால் ஒட்டுங்கள். அதாவது புது எச்டிஎம்எல் பாடி என்பது உங்கள் வரியும் இப்போதுள்ள எச்டிஎம்எல் பாடியும் சேர்ந்தது.

டிஸ்ப்ளே செய்துவிட்டுப் பிறகு கணக்கை மாற்றினால், முகவரி ஒன்றும் சிக்னேச்சர் இன்னொன்றுமாக நிற்க வாய்ப்பு உண்டு. அக்கவுண்ட்ஸ் முகவரியிலிருந்து போகிற மெயிலின் அடியில் மெர்ச்சண்டைசர் பெயர் இருந்தால், வாங்குகிறவருக்கு இது போலி மெயிலோ என்றே சந்தேகம் வரும். பணம் கட்டும் விவரம் போகிற மெயிலில் அந்தச் சந்தேகம் வரவே கூடாது.

மேசைவிளக்கு

சரி, மேக்ரோ தேவைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். பட்டன் எப்படி வைப்பது? ஒவ்வொரு முறையும் ஆல்ட் எஃப்8 அழுத்தித் தேடிக்கொண்டிருக்க முடியாதே.

வரிக்குவரி

ஃபைல், ஆப்ஷன்ஸ், குவிக் ஆக்சஸ் டூல்பார். மேலே இருக்கிற பட்டியலில் 'மேக்ரோஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் மேக்ரோக்கள் வரும். சேர்த்துவிட்டு 'மாடிஃபை' அழுத்திப் படத்தையும் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டையில் முதல் இடத்தில் இருப்பது ஆல்ட் 1, இரண்டாவது ஆல்ட் 2. விரல் பழகிவிட்டால் மவுஸே வேண்டாம்.

பட்டியலில் மேக்ரோ தெரியவில்லை என்றால், அடைப்புக்குறிக்குள் ஏதாவது கேட்கிற மாதிரி எழுதியிருப்பீர்கள். பட்டனுக்கு வைக்கிற சப் (மேக்ரோவின் ஒரு தனித் துண்டு) எதையும் கேட்கக் கூடாது. அதனால் தேடுகிற வேலையைத் தனிச் சப்பாக எழுதி அதற்கு முகவரியை அனுப்புங்கள். பட்டனுக்கான சப்கள் ஒவ்வொன்றும் ஒரே வரிதான். நாளைக்கு நாலாவது கணக்கு வந்தாலும் ஒரு வரியோடு முடிந்தது.

தறிச்சத்தம்

எனக்கு பட்டன் முறையே சரியாகப் படவில்லை. ஆள் எந்தப் பட்டனை அழுத்துவது என்று யோசித்துத்தானே ஆக வேண்டும்? 'ஐட்டம் செண்ட்' என்று ஒரு நிகழ்வு இருக்கிறது. அனுப்பு என்று அழுத்தியதும் அது ஓடும். யாருக்குப் போகிறது என்று பார்த்து, பையர் டொமைன் என்றால் மெர்ச்சண்டைசிங் கணக்கு, பேங்க் என்றால் அக்கவுண்ட்ஸ் என்று அங்கேயே மாற்றிவிடலாம். ஆளுக்கு யோசிக்கும் வேலையே இல்லை.

வரிக்குவரி

இதில் நான் உடன்படவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அனுப்பு அழுத்திய பிறகு கணக்கை மாற்றினால், மாற்றியது அனுப்பியவருக்குத் தெரியாது. அவர் ஃப்ரம் கட்டத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு அனுப்பினார், போனது வேறொன்று. உங்கள் விதி எப்போதும் சரியாக இருந்தால் பரவாயில்லை. ஒரே மெயிலில் பையரும் பேங்க்கும் சேர்ந்து இருந்தால்? எல்சி (பையருக்காக பேங்க் தரும் பண உறுதிக் கடிதம்) திருத்தம் வந்தால் இரண்டு பேரையும் வைத்துத்தான் எழுதுவார்கள். அப்போது எந்த விதி ஜெயிக்கும்?

அடுத்து, சிக்னேச்சர் அதற்குள் உள்ளே உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் கணக்கை மாற்றினால் சிக்னேச்சர் கூடவே மாறாது. தாமிரபரணி சொன்ன அதே கலப்படம்தான்.

கடைசியாக, அந்த நேரத்தில் செய்கிற மாற்றம் எல்லா வகைக் கணக்குகளிலும் ஒரே மாதிரி ஏறுவதை நான் பார்த்ததில்லை. எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்), ஐமேப் (மற்ற மெயில் சேவைகளின் பொது முறை) இரண்டும் கலந்த ப்ரொஃபைலில் பழைய முகவரியோடே போனதும் உண்டு.

எந்தக் கணக்கு என்பதை மெயில் திறக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், எழுதுகிற நேரம் முழுக்க அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தறிச்சத்தம்

கலப்பு மெயிலை நான் யோசிக்கவில்லை, அது சரியான கேள்வி. ஆனாலும் பட்டனை விட்டுவிட்டு வழக்கம்போல் கன்ட்ரோல் என் அழுத்துகிறவரை எப்படித் தடுப்பீர்கள்? பழக்கம் லேசில் போகாது.

தாமிரபரணி

அங்கேதான் ஐட்டம் செண்ட் உதவும், மாற்றுவதற்கு இல்லை, நிறுத்துவதற்கு. அந்த நிகழ்வில் 'கேன்சல்' என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பையர் டொமைனுக்கு அக்கவுண்ட்ஸ் முகவரியிலிருந்து போகப்போகிறது என்று தெரிந்தால், 'இதிலிருந்தே அனுப்பவா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேன்சலை ட்ரூ ஆக்குங்கள். மெயில் அப்படியே திறந்து நிற்கும், ஆளே ஃப்ரம் கட்டத்தில் மாற்றிக்கொள்வார். கையால் மாற்றும்போது சிக்னேச்சரும் சேர்ந்து மாறும்.

இதை எழுதும்போது கவனிக்க வேண்டியவை: இந்த நிகழ்வின் கோடு மாட்யூலில் இருந்தால் ஓடாது, 'திஸ் அவுட்லுக் செஷன்' பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மீட்டிங் அழைப்பு அனுப்பும்போதும் இது ஓடும், அதனால் முதல் வரியிலேயே இது மெயில்தானா என்று பார்த்துவிடுங்கள். பெறுநர் உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் என்றால், 'அட்ரஸ்' என்று கேட்டால் மெயில் முகவரி கிடைக்காது. சாய்கோடும் சமக்குறியுமாக நீளமான உள் முகவரி ஒன்று வரும். அதில் அட் குறியைத் தேடிக்கொண்டிருந்தால் தலைவலிதான். அப்படிப்பட்டவருக்கு 'கெட் எக்ஸ்சேஞ்ச் யூசர்' வழியாகப் போய் 'ப்ரைமரி எஸ்எம்டிபி அட்ரஸ்' எடுங்கள்.

தறிச்சத்தம்

இந்த வடிவம் எனக்குச் சம்மதம். கேட்டு நிறுத்துவதுதான் சரி.

கொழும்பு மழை

நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் தனிக் கணக்கு இல்லை, எல்லாரும் சேர்ந்து பார்க்கிற ஷேர்ட் மெயில்பாக்ஸ்தான். என் அவுட்லுக்கின் இடப்பக்கம் அது தெரிகிறது. ஆனால் வரிக்குவரி சொன்ன லூப் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. ஏன்?

வரிக்குவரி

நல்ல கேள்வி, நிறையப் பேர் முட்டிக்கொள்கிற இடம் இது. இடப்பக்கம் தெரிவதெல்லாம் கணக்கு இல்லை. எக்ஸ்சேஞ்ச் நிர்வாகி உங்களுக்கு முழு அனுமதி கொடுத்ததும் அந்தப் பெட்டி தானாக வந்து தொங்கிக்கொள்கிறது, உங்கள் ப்ரொஃபைலில் கணக்காகச் சேராது. அதனால் அக்கவுண்ட்ஸ் தொகுப்பில் இருக்காது.

உங்களுக்கு வேண்டியது 'சென்ட் ஆன் பிஹாஃப் ஆஃப் நேம்'. இதற்கு ஆப்ஜெக்ட் தேவையில்லை, முகவரியை எழுத்தாகவே கொடுக்கலாம், செட் வேண்டாம். ஆனால் சர்வரில் அனுமதி இருக்க வேண்டும். 'செண்ட் ஆஸ்' அனுமதி இருந்தால் பெட்டியின் பெயரில் மட்டும் போகும். 'செண்ட் ஆன் பிஹாஃப்' அனுமதி என்றால், இன்னார் இன்னாருக்காக அனுப்பியது என்று பெறுபவருக்குத் தெரியும். இரண்டும் இல்லாவிட்டால் மெயில் திரும்பி வந்துவிடும். பெட்டியைத் திறக்கிற முழு அனுமதியில் அனுப்புகிற அனுமதி அடங்காது, இதை நிர்வாகியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கொழும்பு மழை

நன்றி, வேலை செய்கிறது. ஆனால் அனுப்பியதன் பிரதி என்னுடைய சென்ட் ஐட்டம்ஸில் கிடக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஒரே கடிதத்துக்கு இரண்டு பேர் பதில் போடுகிற நிலை வரும் போலிருக்கிறது.

தாமிரபரணி

அதை மேக்ரோவில் தீர்க்கப் போகாதீர்கள். உங்கள் எக்ஸ்சேஞ்ச் நிர்வாகி பவர்ஷெல்லில் (கட்டளை தட்டும் கருவி) அந்தப் பெட்டிக்கு 'மெசேஜ் காப்பி ஃபார் சென்ட் ஆஸ் எனேபிள்டு' என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் பெட்டியின் சென்ட் ஐட்டம்ஸிலும் ஒரு பிரதி விழும். பிஹாஃப் வகைக்கு இதே போல இன்னொரு அமைப்பு உண்டு. சர்வரிலேயே நடப்பதால் யார், எந்த மெஷினிலிருந்து அனுப்பினாலும் பொருந்தும்.

நூல்கண்டு

எனக்கு இன்றைக்குப் புதுத் தொல்லை. நேற்று ஓடிய மேக்ரோ இன்று காலையில் அவுட்லுக்கைத் திறந்ததும் ஓடவில்லை. 'மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன' என்கிற மாதிரி வருகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர், ட்ரஸ்ட் சென்டரில் எல்லா மேக்ரோவையும் அனுமதி என்று போட்டுவிடச் சொல்கிறார். போடலாமா?

தாமிரபரணி

தயவுசெய்து போடாதீர்கள். எல்லாவற்றையும் அனுமதித்தால் உங்கள் கோடு மட்டும் இல்லை, வேறு எவர் கோடு அங்கே வந்து உட்கார்ந்தாலும் கேட்காமல் ஓடும். பையர் அனுப்பியது போல வருகிற போலி மெயில்களை ஏற்றுமதி அலுவலகங்கள் தினமும் பார்க்கின்றன. அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டாம்.

வழி இருக்கிறது. கையொப்பமிட்ட மேக்ரோவுக்கு மட்டும் கேட்டு அனுமதிப்பதுதான் இயல்பான அமைப்பு, அதை அப்படியே விடுங்கள். ஆபீஸ் நிறுவப்பட்ட ஃபோல்டரில் 'செல்ஃப்செர்ட்' என்ற சின்ன நிரல் இருக்கும். அதைத் திறந்து ஒரு பெயர் கொடுத்தால் உங்களுக்கென்று ஒரு சான்றிதழ் உருவாகும். பிறகு மேக்ரோ எடிட்டரில் டூல்ஸ் மெனு, டிஜிட்டல் சிக்னேச்சர் போய் அந்தச் சான்றிதழைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அவுட்லுக்கை மூடித் திறந்தால் ஒரு முறை கேட்கும், இந்த வெளியீட்டாளரை நம்பு என்று சொல்லிவிடுங்கள். இது உங்கள் மெஷினுக்கு மட்டுமே செல்லும். ஆபீஸ் முழுக்க வேண்டுமென்றால் உங்கள் ஐடி ஆள் முறையான சான்றிதழ் வாங்கித் தர வேண்டும்.

ஈரோட்டுக்காரன்

நான் எக்செலிலிருந்து பார்ட்டிகளுக்கு அவுட்ஸ்டாண்டிங் மெயில் அனுப்புகிறேன். அதிலும் இதே வழியா?

வரிக்குவரி

அதே வழிதான். 'கிரியேட் ஆப்ஜெக்ட்' மூலம் அவுட்லுக்கைப் பிடித்து, அதன் செஷனில் உள்ள அக்கவுண்ட்ஸைத் தேடுங்கள். எக்செலுக்கு அவுட்லுக்கின் மாறிலிப் பெயர்கள் தெரியாது, புது மெயில் என்பதற்குப் பெயருக்குப் பதில் 0 என்று எண்ணைக் கொடுங்கள். உங்கள் எண் முறையை இங்கே மட்டுமாவது விட்டுவிடுங்கள், வரிசையாக நூறு மெயில் தவறான முகவரியிலிருந்து போனால் திரும்ப அழைக்க முடியாது. முதல் சில மெயில்களை 'செண்ட்' போடாமல் டிஸ்ப்ளே செய்து ஃப்ரம் கட்டத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மேசைவிளக்கு

எங்கள் ஆபீஸில் சிலர் வலது மேல் மூலையில் இருக்கிற சுவிட்சைத் தட்டிப் புது அவுட்லுக்குக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆல்ட் எஃப்11 எதையும் திறக்கவில்லையே.

தாமிரபரணி

திறக்காது. விண்டோஸுக்கான புது அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோவே (நாம் இதுவரை பேசிய வகை) கிடையாது, பழைய காம் ஆட்-இன்களும் (மெஷினில் நிறுவும் கூடுதல் நிரல்கள்) கிடையாது. இணைய நுட்பத்தில் எழுதுகிற வெப் ஆட்-இன் மட்டும்தான். கிளாசிக் அவுட்லுக்கை குறைந்தது 2029 வரை ஆதரிப்போம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. மேக்ரோவை நம்பி வேலை செய்கிறவர்கள் அந்தச் சுவிட்சைத் தொடாமல் இருப்பது நல்லது.

புதியதற்கு மாறியே ஆக வேண்டிய அலுவலகங்களில், அனுப்பும் நேரத்தில் சரிபார்த்து நிறுத்துகிற வேலையை வெப் ஆட்-இன் செய்யும், 'ஸ்மார்ட் அலர்ட்ஸ்' என்று பெயர். நாம் ஐட்டம் செண்டில் பேசிய கேட்டு நிறுத்துவது அங்கே சாத்தியம். ஆனால் எடிட்டரைத் திறந்து பத்து வரி எழுதி முடிக்கிற விஷயம் இல்லை. டெவலப்பர் வேண்டும், நிர்வாகி நிறுவித் தர வேண்டும். சின்ன அலுவலகத்தில் ஒருவர் தன் தேவைக்குத் தானே எழுதிக்கொள்கிற சுதந்திரம் போகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

நூல்கண்டு

சான்றிதழ் போட்டாச்சு, காலையில் திறந்ததும் ஓடுகிறது. ஆல்ட் 1 மெர்ச்சண்டைசிங், ஆல்ட் 2 அக்கவுண்ட்ஸ், ஆல்ட் 3 என் பெயர். கேட்டு நிறுத்துகிற கோடும் சேர்த்துவிட்டேன். மதியமே ஒரு முறை நிறுத்தியது, பேக்கிங் லிஸ்ட் மெயில், ஃப்ரம் கட்டத்தில் அக்கவுண்ட்ஸ் இருந்தது.

கடைசியாக ஒன்று. மெஷின் மாற்றினால் இதெல்லாம் போய்விடுமா? பதில் மெயிலுக்கும் இதே பட்டன் வைக்க முடியுமா?

வரிக்குவரி

அவுட்லுக் மேக்ரோ எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், 'விபிஏ ப்ராஜெக்ட்' என்ற பெயரில் ஓடிஎம் வகைக் கோப்பு. உங்கள் விண்டோஸ் கணக்கின் ஆப்டேட்டா ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் அவுட்லுக் ஃபோல்டரில் பாருங்கள். அவுட்லுக்கை மூடிவிட்டு அதை நகலெடுத்து வையுங்கள். எடிட்டரில் மாட்யூல் மேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் ஃபைல்' கொடுத்து ஒரு பிரதி எடுப்பது இன்னும் நல்லது, நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். புது மெஷினில் சான்றிதழை மட்டும் மறுபடி உருவாக்கிக் கையொப்பமிட வேண்டும்.

பதிலுக்கும் முடியும். 'ஆக்டிவ் எக்ஸ்ப்ளோரர்' தேர்வில் உள்ள முதல் மெயிலை எடுத்து 'ரிப்ளை' அழைத்தால் ஒரு மெயில் ஆப்ஜெக்ட் திரும்பி வரும். அதற்குக் கணக்கைக் கொடுத்து டிஸ்ப்ளே செய்யுங்கள், தேடும் சப் அதேதான். ஒன்று மட்டும், ரீடிங் பேனிலேயே நேராகப் பதில் எழுதினால் தனி ஜன்னல் திறக்காது, உங்கள் பட்டனும் அந்த வழியில் குறுக்கே வராது. அங்கே கேட்டு நிறுத்துகிற கோடுதான் காவல்.